சிவப்புக் குழாயில் குளிர்ந்த தண்ணீர்

காவிரி மண் எங்கள் வீட்டுக்கு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முறுக்குப் பொட்டலத்துக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் இங்கே வளைகுடாவில் என் கணவர் வேலை பார்க்கும் முசஃபா ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருக்கும் ஒரு தம்பி. புதுக்கோட்டைப் பக்கம். லீவு முடிந்து வந்தவர், தொழிலாளர் கேம்பில் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துக்கொண்டு ஷாபியாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். அதைக் கையிலிருந்து இறக்கி வைப்பதில் அவருக்கு அவ்வளவு அவசரம்.

"அக்கா, கோச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். இது என்ன மண்ணு? கோயில் மண்ணா?"

"இல்ல தம்பி. ஆத்து மண்ணு."

"ஆத்து மண்ணா! இங்க மண்ணுக்கா பஞ்சம்? சொல்லியிருந்தா கேம்புக்குப் பின்னாடி ஒரு லோடு அள்ளிக் குடுத்திருப்பேன். ஒருத்தன் கேக்க மாட்டான்."

என் கணவர் சிரித்துக்கொண்டே, "அதை வச்சுத்தான் உங்க அக்கா டாக்டர் ஆகப் போறாங்க" என்றார்.

"மண்ண வச்சா சார்? நான் இங்க ஏர்போர்ட்டுல எறங்குனப்ப செத்துப் பொழச்சேன். ஸ்கேன்ல பாத்துட்டு ஒருத்தன் 'யே கியா ஹை பாய்'ங்குறான். மருந்துன்னா சீட்டு கேப்பான். 'மிட்டி, பூஜா'ன்னேன், பூஜை மண்ணுன்னு. ஒரு மாதிரி பாத்துட்டு, கலாஸ், முடிஞ்சது, போன்னுட்டான்." பிறகு என்னிடம் திரும்பி, "அதுக்குள்ள என்னதான்க்கா இருக்கு?" என்று கேட்டார்.

"முட்டை. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சியோட முட்டை."

"பூச்சியையா நான் ஏரோப்பிளேன்ல ஏத்தியாந்தேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போகும்போதுகூட வாசலில் நின்று, "பொரிச்சா எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கக்கா. ஒரு டிக்கெட்டுக் காசு மிச்சம் பண்ணி வந்திருக்குதுங்க" என்றார்.

அவருக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இங்கே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் காவிரியின் மிதவை உயிரிகளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் சில நாட்களில் புள்ளிகள் துள்ளுவது தெரியும். நீர்த்தெள்ளு, அதைவிடச் சிறிய சக்கர உயிரிகள், வால் வைத்த துடுப்புக்காலிகள் எல்லாம் அதில் உண்டு. நீந்தத் தெரிந்தாலும் நீரோட்டத்தை எதிர்க்கத் தெம்பில்லாதவை. தண்ணீர் போகிற பக்கம் போகும். மீன்குஞ்சுகள் அவற்றைத் தின்று வளரும். அவை எந்தப் பருவத்தில் பெருகும், எதில் குறையும், வெப்பம், கலங்கல், வெள்ளம் இவை என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி.

முக்கொம்புக்கு மேற்கே, கரையோரம் ஒரு மடு. மாதம் தவறாமல் அங்கே போய் மெல்லிய பட்டு வலையை இழுத்து, வலையின் வாலில் கட்டிய குப்பியில் சேர்வதைப் பார்மலினில் போட்டுக் கல்லூரி ஆய்வகத்தில் வைப்பேன். ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது குப்பி கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கிய வெள்ளத்தில் இன்னும் மோசம். தை பிறந்து தண்ணீர் தெளிந்து, பங்குனியில் ஆறு மெலிந்து மடுக்களாக நிற்கும்போது பாட்டிலுக்குள் கஞ்சி போல இருக்கும். இரண்டு வருடத்துச் சுழற்சி வேண்டும் என்பது விதி. எனக்கு இரண்டாவது வருடத்து மழைக்காலம் மட்டும் இல்லை. ஆவணியில் கல்யாணம். மழை தொடங்குவதற்குள் விசா வந்துவிட்டது.

அப்பா கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் பிஎச்.டி. என்றும் போட்டிருந்தார். அச்சகத்துக்காரர் அது எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு வருஷத்துல குறியை எடுத்துடலாம்" என்றாராம். பிறகு பாப்பா பிறந்தாள். நீட்டிப்பு வாங்கினேன். மறுபடி வாங்கினேன். மண் வந்த அந்த வருடம் டிசம்பரோடு பதிவு முடிகிறது, இதற்குமேல் நீட்டிப்பு இல்லை என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. ஒரு மழைக்காலம் இல்லாத பருவ ஆய்வை யாரும் ஏற்க மாட்டார்கள்.

வழி சொன்னவர் என் நெறியாளர் மேடம்தான். மடு வற்றிய கோடையில் நானே அடியிலிருந்து வெட்டி எடுத்து உலர்த்திய மண் ஆய்வகத்து அலமாரியில் அப்படியே இருந்தது. "அதுல தூங்குற முட்டைங்க இருக்கும். நனைச்சுப் பொரிக்க வை. எது முதல்ல வருது, எது பின்னாடி வருது, எவ்வளவு வருதுன்னு எண்ணு. ஒரு அத்தியாயம் ஆகும். விட்டுப்போன மழைக்கு அதை ஈடா வச்சுக் கமிட்டிகிட்ட நான் பேசுறேன். இதுக்கு நீ ஊருக்கு வர வேண்டாம், அங்கயே உன் வீட்ல பண்ணலாம்" என்றார் போனில். அந்த மடு இப்போது இல்லை. கரையைப் பலப்படுத்தக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரவிவிட்டார்கள். மேடம் தம்பியிடம் கொடுத்தனுப்பிய அந்தப் பொட்டலம்தான் மொத்த மண்ணும்.

நீர்த்தெள்ளுகளில் தண்ணீரும் தீனியும் நன்றாக இருக்கும்வரை பெண் பெண்ணையே பெற்றுக்கொண்டிருக்கும். மடு சுருங்கி, நெருக்கடி வந்ததும்தான் ஆண்கள் பிறக்கும். தடித்த ஓட்டு முட்டைகள் உண்டாகும். தாய் தன் முதுகு ஓட்டிலேயே அவற்றை வைத்து, அந்த ஓட்டைக் கழற்றி விட்டுவிட்டுப் போகும். மண் காய்ந்தாலும் வெடித்தாலும் அவை காத்திருக்கும். இதைக் கல்லூரியில் படித்தபோது தேர்வுக்கான விடையாக மட்டும்தான் படித்தேன்.

பாதி மண்ணை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் மேடம். நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்டேன். முதல் பாதியை ஆகஸ்டில் ஜாடிகளில் போட்டு நனைத்து, பாப்பா தட்டிவிடுவாளோ என்ற பயத்தில் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. எதைப் பார்த்தாலும் குடிக்கலாமா என்று கேட்கும் வயது. தினமும் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மண் நாறத் தொடங்கியது. மேடத்திடம் சொன்னபோது, "வெளிச்சம் இல்லாம எப்படிம்மா பொரியும்? உனக்குத் தெரியாததா?" என்றார். தெரியும்தான். பிள்ளைக்குப் பயந்ததில் அது தெரியாமல் போய்விட்டது. அதோடு ஏ.சி. குளிர் வேறு. நாங்கள் வெளியே போகும்போது ஏ.சி.யை அணைப்போம், அறை கொதிக்கும். வந்ததும் போடுவோம், குளிரும். காவிரியில் எந்த மடுவும் ஒரே நாளில் அப்படி ஏறி இறங்கியதில்லை.

செப்டம்பர் முடிவில் இரண்டாவது பாதியைத் தொடங்கினேன். இந்த முறை இடம் குளியலறை. எங்கள் பழைய கட்டடத்தில் குளியலறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, காலையில் நல்ல வெயில் வரும். அங்கே ஒரு நீளத் தொட்டியும் உண்டு. நாங்கள் வாளியில் பிடித்து மொண்டு குளிக்கிற ஆட்கள் என்பதால் தொட்டியின் அந்தக் கோடி சும்மாதான் கிடந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை அதில் வைத்து, தண்ணீர் நிரப்பி, தண்ணீரின் நடுவே ஜாடிகளை நிறுத்தினேன். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் ஜாடிக்குள் சூடு சட்டென்று ஏறாது, இறங்காது. மேடம் சொன்ன யோசனை. டப்புத் தண்ணீரில் பாப்பாவின் சோப்பு நுரை விழுந்துவிடும், ஓரம் வழுக்கும். அதனால் அடிக்கடி குழாயைத் திறந்து ஓடவிட்டுப் பழைய தண்ணீர் வழிந்து போகும்படி மாற்றுவேன். ஜாடிகளை நகர்த்தவே மாட்டேன். அசைந்தால் மண் கலங்கும்.

மாற்றுவது சிவப்புக் குழாயிலிருந்து, அதாவது ஹீட்டரிலிருந்து வரும் சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து. இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, நீலக் குழாயில் வரும் 'பச்சைத் தண்ணீர்' கையைச் சுடும். சாயங்காலம் அதில் அரிசி களைய முடியாது. அதனால் மே மாதம் வந்ததும் ஹீட்டரை அணைத்துவிடுவோம். வீட்டுக்குள், ஏ.சி. நிழலில் இருக்கும் ஹீட்டர் தொட்டிக்குள் தண்ணீர் ஆறிக் கிடக்கும். சிவப்புக் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர். வந்த புதிதில் நான் நீலத்தைத் திறந்து இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். பிறகு கை தானாகவே சிவப்புக்குப் போகப் பழகிவிட்டது. பாப்பாவுக்குச் சிவப்பு என்றால் குளிர்ச்சி. அவள் படப் புத்தகத்தில் சிவப்புக் குழாய்க்கு மேல் ஆவி வரைந்திருந்ததைப் பார்த்து, "ராங்" என்று சொல்லி மூடிவிட்டாள்.

நனைத்த சில நாட்களில் முதல் புள்ளி துள்ளியது.

நான் நம்பவில்லை. கண்ணில் பூச்சி பறக்கிறதோ என்று விலகி நின்று மறுபடி பார்த்தேன். ஜாடியின் வெயில்பட்ட பக்கம், தண்ணீரின் மேல்பாதியில், ஒரு வெள்ளைத் துகள் ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. தூசி அப்படி ஏறாது. சொட்டுக் குழலில் உறிஞ்சி, தேரா கடைத்தெருவில் வாங்கிவைத்திருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒற்றைக் கண் சுழன்றது. உள்ளே அதன் இதயம் அடித்துக்கொண்டது. ஓடு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே எல்லாம் தெரியும்.

பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். "டாட்ஸ்" என்றாள். "டாட்ஸ் ஆர் டான்ஸிங்!"

"ஆமாம்மா. இது நம்ம ஊர் டாட்ஸ்."

"இட் கேம் இன் பிளேன்?"

"ஆமா. மாமா முறுக்கோட கொண்டாந்தார்ல, அதுல."

அதற்குப் பிறகு குளிக்கும்போதெல்லாம் டப்புப் பக்கம் தண்ணீர் தெறிக்காமல் மெதுவாக ஊற்றச் சொல்வாள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைத் துளி கரைத்து நான் ஜாடிகளில் விடுவேன். அதற்கு அவள் வைத்த பெயர் 'டாட்ஸ் மம்மம்'. பள்ளி இல்லை, பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் பேசுவது வேறு மொழி. அவளுக்கும் எனக்கும் அந்த மாதங்களில் அந்த ஜாடிகள்தான் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தன. முதலில் நீர்த்தெள்ளு, அடுத்துச் சக்கர உயிரிகள், பிறகு நான் எதிர்பார்க்காத இன்னொரு வகை என்று மண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மேடத்துக்குப் படம் அனுப்பினேன். "டிசம்பர் முதல் வாரம் வரைக்கும் இப்படியே ஓட்டு. அதுவரைக்கும் எண்ணிக்கை வந்தா போதும், மத்ததை நான் பாத்துக்குறேன்" என்று குரல் செய்தி அனுப்பினார். அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெல்டர் தம்பிக்கும் ஒரு படம் அனுப்பினேன். "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா இருக்குக்கா" என்று இன்னொன்று.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஈஸ்ட் அதிகமாகிவிட்டதோ, ஜன்னலைத் திறந்தால் தூசி விழுமோ, மூடினால் காற்று போதாதோ என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பாப்பா தூங்கும்போது அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்ப்பது எனக்கு வழக்கம். ஜாடிகளையும் அப்படித்தான் பார்த்தேன். என் கணவர், "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, நீதான் எளைச்சுட்டே" என்பார்.

நவம்பரில் இங்கே காலநிலை திரும்பும். விடியலில் மூடுபனி, ஏ.சி. இல்லாமல் தூங்கலாம், பால்கனிக் கதவைத் திறந்து வைக்கலாம். எல்லோரும் காத்திருக்கும் பருவம். அந்த வாரம் பாப்பாவுக்குச் சளி பிடித்தது. ராத்திரியெல்லாம் இருமினாள். காலையில் என் கணவர் டூட்டிக்குப் போன பிறகு, டப்புத் தண்ணீர் கலங்கியிருப்பதைப் பார்த்து மாற்றிவிடலாம் என்று போனேன். சிவப்புக் குழாயின் குழலை டப்புக்குள் விட்டுத் திறந்தேன். கையை நீட்டிப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் வந்தது.

இந்த இடத்தைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கையை நீட்டினேனா? நீட்டினேன். குளிர்ந்ததா? குளிர்ந்தது. குழாய்க்குள் முதல்நாளிலிருந்து தேங்கிக் கிடந்த தண்ணீர் அது. அது தீர்ந்த பிறகு வருவதற்காக இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

ஹாலில் பாப்பா இருமுவது கேட்டது. இருமல் முற்றி, பால் முழுவதும் வெளியே வந்துவிட்டது. சோபாவில், அவள் சட்டையில், முடியில். ஓடிப்போய்த் தூக்கினேன். முகம் சிவந்து மூச்சு வாங்கியது. முதுகைத் தடவி, துடைத்து, சட்டை மாற்றி, தண்ணீர் கொடுத்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, சோபா உறையைக் கழற்றி முடிப்பதற்குள் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பது மண்டையில் ஒரு மூலையில் இருந்தது. ஓடட்டும், நன்றாகத்தானே மாறும் என்று நினைத்தேன்.

குளியலறைக்குள் நுழைந்தபோது கண்ணாடி மங்கிப் புகைந்திருந்தது. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது புத்திக்குப் போகவில்லை. மூடுபனி ஜன்னல் வழியாக வந்துவிட்டதாக ஒரு கணம் நினைத்தேன். பிறகு டப்பிலிருந்து ஆவி எழுந்ததைப் பார்த்தேன். ஒரு ஜாடியைப் பிடித்துத் தூக்கினேன். விரல்கள் பொசுங்கின, விட்டுவிட்டேன். துண்டை எடுத்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். எந்த ஜாடியிலும் எதுவும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கண்ணாடி போல இருந்த உடல்கள் வெந்து வெள்ளையாகி, மெதுவாக அடிமண்ணில் போய் அமர்ந்துகொண்டிருந்தன.

பாப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். "அம்மா, ஒய் நாட் ஜம்ப்பிங்?"

"தூங்குதும்மா."

"நைட் ஆயிடுச்சா?"

அவளை நகர்த்திக் கதவைச் சாத்தினேன். எங்கள் ஹீட்டரின் சுவிட்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் உள்ள சின்ன விளக்கு என்றைக்கோ போய்விட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். போட்டிருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். இரண்டு ஆரஞ்சும் இருமல் மருந்தும் வாங்கி வந்திருந்தார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலைல போறப்ப ஹீட்டரைப் போட்டுட்டுப் போனேன். குளிர ஆரம்பிச்சிடுச்சுல்ல, புள்ளைக்குச் சளி வேற. சொல்லணும்னு நெனச்சேன், நீ அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரல. சுடுதண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன்.

"நல்லா ஊத்தினியா?"

"ம்."

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஜாடிகள் போய்விட்டன என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார். திடீரென்று செத்துவிட்டன என்றேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடுத்த லீவுல போறப்ப வேற எடத்துல மண்ணு எடுத்துட்டு வரலாம்மா" என்றார். நான் தலையாட்டினேன். வேறு இடத்து மண் வேறு இடத்தின் கதையைத்தான் சொல்லும், அதைப் பிறகு விளக்கலாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளைக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு மனிதர் போட்ட சுவிட்ச். அதைச் சொல்லி அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சொல்லாமல் இருந்தது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது இதைப் படித்து அவர் தெரிந்துகொள்வார். கோபித்துக்கொள்ள மாட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மண்ணில் பொரியாத முட்டை ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்கும் என்று ஜாடித் தண்ணீரை வடித்து, மண்ணைத் தட்டில் பரப்பி உலர்த்தி, மறுபடி நனைத்து ஜன்னலில் வைத்தேன். வெயில் நன்றாக வந்தது. சூடு பதமாக இருந்தது. ஒவ்வொரு காலையும் பாப்பா முதலில் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மாஃபி" என்று கையை விரிப்பாள். மளிகைக் கடைக்காரரிடம் கற்றுக்கொண்ட வார்த்தை. ஒன்றும் இல்லை என்று அர்த்தம். சில நாட்களில் அவள் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

மேடத்துக்குப் போன் செய்வதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். செய்தபோது அவர் வகுப்பு முடிந்து நடந்துகொண்டிருந்தார். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. முழுவதையும் சொன்னேன், ஹீட்டர் உட்பட. அவர் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

"எல்லா ஜாடியுமா?"

"எல்லாம் மேடம்."

"ஒண்ணக்கூடத் தனியா வைக்கலியாம்மா?"

"இல்ல மேடம். சூடு ஒரே மாதிரி இருக்கணும்னு எல்லாத்தையும் ஒரே டப்புல..."

"ஆமா. நான்தானே சொன்னேன்." நடந்துகொண்டே அடுத்ததைக் கேட்டார். "இதுவரைக்கும் எண்ணினது இருக்குல்ல?"

"இருக்கு. அதை வச்சு ஏதாவது..."

"பாதியில நின்ன சோதனைம்மா. மறுபடி செஞ்சும் பாக்கல. எதிர்ல உக்காருறவங்க முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க. நான் பேசிப் பாக்குறேன். ஆனா நீ நம்பிக்கை வச்சுக்காதே." வைப்பதற்கு முன், "புள்ளைக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றுவிட்டது என்றேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

அவர் பேசிப் பார்த்தார். கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் போயிற்று. பல்கலைக்கழகத்திலிருந்து பெரிதாக எதுவும் வரவில்லை. அவர்களுடைய இணையதளத்தில் என் பெயருக்கு எதிரே இருந்த சொல் 'பதிவு ரத்து' என்று மாறியிருந்தது, அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னேன். "சரி விடு, உடம்பப் பாத்துக்கோ" என்றார். வழக்கமாக அவர் போனில் நிறையப் பேசுவார்.

பொங்கல் கழிந்து மேடம் மறுபடி அழைத்தார். அதே காவிரி, அதே தலைப்புக்கு அருகில், ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். ஆய்வகத்தில் இடமில்லை, என் பாட்டில்கள் இரண்டு அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. "தூக்கிப் போட மனசு வரல. அந்தப் பொண்ணுக்குக் குடுக்கலாமா? முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு அவ ஒப்பிட்டுப் பாக்கலாம். உனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை. அந்த பாட்டில்களில் ஒவ்வொன்றும் எந்தக் காலை என்று எனக்குத் தெரியும். இதில் அட்டை கடித்தது, இதில் வலை கிழிந்தது, இதில் கரையில் துணி துவைத்தவர்கள் "பொண்ணு கொசு புடிக்குது பாரு" என்று கேலி செய்தார்கள். என்னிடம் இருக்கும்வரை அவை முடியாத வேலை. கொடுத்துவிட்டால் முடிந்துபோன வேலை. பாப்பாவுக்கு மதியச் சாதம் ஊட்டி, வாயைத் துடைத்து, தூங்கவைத்துவிட்டு, "கொடுத்துடுங்க மேடம்" என்று அனுப்பினேன்.

அந்தப் பெண் எப்போதாவது அழைப்பாள். மரியாதையான பெண். பாட்டில்களில் ஒட்டிய, மை கலைந்த சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இது எந்த மாசம்?" என்று கேட்பாள். நான் பார்த்ததும் சொல்லிவிடுவேன். போன ஐப்பசியில், இங்கே மூடுபனி தொடங்கிய ஒரு காலை, அழைத்தாள். பின்னால் இரைச்சலாக இருந்தது.

"அக்கா, ஆத்துல செம தண்ணி. இன்னைக்கு சாம்பிள் எடுக்கணும். எங்க நின்னு வலை போடுறது? உங்க எடம்தான் இல்லியே."

"இறங்கவே இறங்காதே. மேல பாலம் இருக்குல்ல, அங்க இருந்து வாளியில கயிறு கட்டி இறக்கு. மேல இழுத்து வலையில ஊத்து. தனியாப் போயிடாதே. கூட யாரு இருக்கா?"

"தம்பி வந்திருக்கான்க்கா. பைக்ல உக்காந்து போனப் பாத்துட்டிருக்கான்."

"போன வைக்கச் சொல்லு. கயித்த அவனைப் பிடிக்கச் சொல்லு."

"சரிக்கா." சிரித்தாள். "குப்பியில ஒண்ணுமே இருக்காதுன்னு மேடம் சொன்னாங்க."

"இருக்காதுதான். ஆனாலும் எடு. ஒண்ணும் இல்லங்குறதும் உனக்கு வேணும்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, இன்னொண்ணு. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்புறேன். உங்க பாட்டிலை வச்சுத்தானே பண்ணேன். கடைசில நன்றின்னு உங்க பேரப் போடணும்னு மேடம் சொன்னாங்க. இனிஷியல் அப்பாவோடதா, சாரோடதா?"

"பாட்டில்ல இருக்குற மாதிரியே போடும்மா."

"அப்ப அப்பாவோடது. சரி. முன்னாடி டாக்டர்னு போட்டுடட்டுமா?"

யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பாட்டில்களைப் பார்த்தவளுக்கு அவற்றை எடுத்தவள் முடிக்கவில்லை என்று தோன்றியிருக்காது.

"வேண்டாம்மா" என்றேன். "வெறும் பேரு போதும்."

"சரிக்கா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. அவள் சங்கடப்படுவது எனக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, அங்கே மழை விட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"எங்கக்கா? கொட்டிட்டிருக்கு" என்றாள்.